சூரிய மின்சாரம்: கருவி மட்டும் போதுமா?



நம் மாவட்டத்துக்குக் காற்று மின்சாரம் புதிதல்ல. 1986-லேயே முள்ளக்காட்டில் காற்றாலைகள் சுழன்றன. ஆனால் ஒரு கருவி ஊருக்கு வருவது வேறு. அது ஏழையின் வீட்டிலும் தொழிலிலும் நிலைத்துப் பயன் தருவது வேறு. இரண்டையும் இணைப்பவர்கள், அதைக் கையாண்டு பழகி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் மனிதர்களே. நம்மைப் போல உப்பை நம்பி வாழும் ஒரு பகுதியில் இதற்கு நல்ல பாடம் இருக்கிறது.

குஜராத்தின் சின்ன ரண் பகுதியில் அகரியா எனப்படும் உப்பளத் தொழிலாளர்கள், மழை ஓய்ந்ததும் குடும்பத்தோடு சென்று தங்கி, நிலத்தடி உப்புநீரை இறைத்து உப்பு விளைவிக்கிறார்கள். அங்கே மின்கம்பி கிடையாது, முன்பு டீசல் எஞ்சின்தான். டீசலுக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, உப்பை அவர் சொன்ன விலைக்கே கொடுத்தார்கள். வருமானத்தில் பெரும்பங்கு டீசலுக்கே போனது.

1972-ல் அகமதாபாத்தில் தொடங்கிய 'சேவா' பெண் தொழிலாளர் சங்கம் அவர்களிடம் சூரிய பம்புகளைக் கொண்டு சென்றது. பம்பைக் கொடுத்ததோடு நிற்காமல், கடனுக்கு வழி செய்தது. பெண்களுக்குப் பழுதுநீக்கவும் பயிற்சி தந்தது. மாநில அரசும் பின்னர் 80 சதவீத மானியம் அளித்தது. மழைக்காலத்தில் ரண் நீரில் மூழ்கும்போது தகடுகளை என்ன செய்வது? இதையெல்லாம் விற்பவரைவிட ஓட்டியவரே நன்றாகச் சொல்வார்.

நமக்கான பாடங்கள்:

1. வாங்குமுன், ஓராண்டாவது பயன்படுத்திய ஒருவரிடம் கேளுங்கள்: கட்டணம் எவ்வளவு குறைந்தது? பழுதானபோது யார் வந்தார்? கடற்காற்றில் இரும்புச் சட்டம் துருப்பிடித்ததா? தகட்டில் படியும் உப்புத்தூசியை எப்படிக் கழுவுகிறார்?

2. 2024-ல் தொடங்கிய பிரதமரின் வீட்டுக்கூரைத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் உண்டு. மீதித் தொகைக்காக வட்டியில் விழாமல், சில குடும்பங்கள் சேர்ந்து ஒருவருக்குப்பின் ஒருவராக வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொள்ளலாம்.

3. மஹல்லாவின் எலக்ட்ரீஷியன்கள், ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகள், ஏற்கெனவே தகடு வைத்திருக்கும் வீட்டார் மாதம் ஒருமுறை கூடிப் பேசட்டும். பகலில் வீட்டில் இருக்கும் பெண்களும் இன்வெர்ட்டரைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மஷூரா செய்வது நம் மார்க்கம் காட்டிய வழி. ஒருவர் பட்டறிந்தது பத்துக் குடும்பங்களின் பணத்தைக் காக்கும். வல்ல அல்லாஹ் நம் முயற்சிகளில் பரக்கத் செய்வானாக, ஆமீன்.