டிசைன் சிஸ்டம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: பட்டன், நிறம், எழுத்துரு எல்லாவற்றையும் ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் ஒரே ஃபைலாகப் போட்டுவிட்டால் டிசைன் சிஸ்டம் தயார்.

உண்மை: அது பாதி வேலைகூட இல்லை. பல டீம்கள் பகிர்ந்துகொள்ளும் திரைப் பகுதிகளும், அவற்றை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்ற குறிப்புகளும் சேர்ந்ததுதான் டிசைன் சிஸ்டம். பிரிட்டன் அரசு தன் கவ்.யூகே இணையதளச் சேவைகளுக்காக 2018-இல் வெளியிட்ட டிசைன் சிஸ்டத்தில் பிறந்த தேதி கேட்கும் பகுதியைப் பாருங்கள். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சாதாரணக் கட்டங்கள், அவ்வளவுதான். சரக்கு முழுவதும் கூடவே வரும் குறிப்பில் இருக்கிறது. பயனருக்கு மனப்பாடமாகத் தெரிந்த தேதி என்றால் இதைப் பயன்படுத்துங்கள் என்கிறது அது. 1958-இல் பிறந்தவரைக் காலண்டரில் மாதம் மாதமாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகச் சொல்வது கொடுமை. டைப் செய்யவிட்டால் சில நொடிகளில் முடிந்துவிடும். நாள் கட்டம் நிரம்பியதும் கர்சர் தானாக மாதக் கட்டத்துக்குத் தாவவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்கிறது. பயனர் குழம்புவார், கீபோர்டின் வழக்கமான இயக்கத்தோடும் மோதும். அந்தத் தாவலைப் பெரிய வசதி என்று நம்பிச் செய்கிற டெவலப்பர்கள் ஏராளம். கட்டத்தின் படத்தை மட்டும் பகிர்ந்தால் இந்த அறிவு போய்ச் சேராது.

நம்பிக்கை: ஒருமுறை கட்டிவிட்டால் கவலை விட்டது.

உண்மை: கட்டி முடித்ததையும் திருத்த வேண்டிவரும். எண் கேட்கும் இடத்துக்கு எச்.டி.எம்.எல்.லில் 'நம்பர்' என்றே ஒரு வகை உண்டு. அதைப் போடுவதுதான் முறை என்று யாருக்கும் தோன்றும். ஆனால், சம்பளத் தொகையை அடித்துவிட்டுப் பக்கத்தை நகர்த்த மவுஸ் சக்கரத்தை உருட்டினால், சில பிரவுசர்களில் அந்தத் தொகையே மாறிவிடும். அடித்தவருக்குத் தெரியவும் தெரியாது. திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்கும் அதில் சிக்கல்கள் இருந்தன. 2020-இல் கவ்.யூகே குழு அந்த வகையைக் கைவிட்டது. சாதாரண எழுத்துக் கட்டத்தையே வைத்து, மொபைலில் மட்டும் எண் கீபோர்டு வரும்படி மாற்றியது.

நம்பிக்கை: டிசைன் சிஸ்டம் டிசைனரின் கற்பனைக்கு விலங்கு.

உண்மை: பட்டனின் ஓரம் எத்தனை பிக்சல் வளைய வேண்டும் என்று வாராவாரம் விவாதிப்பதைக் கற்பனை என்று நான் எண்ணவில்லை. அதை டிசைன் சிஸ்டம் ஒரேயடியாக முடிவு செய்துவிட்டால், மிச்சமாகும் நேரம் படிவத்தில் எந்தக் கேள்வி தேவையே இல்லை என்று யோசிக்கக் கிடைக்கட்டும்.

நம்பிக்கை: எல்லாவற்றையும் மையக் குழுவே செய்து கொடுக்க வேண்டும்.

உண்மை: கவ்.யூகேயில் எந்தத் துறைக்காரரும் புதிதாக ஒன்றை முன்மொழியலாம். பயனுள்ளதா, இருப்பதையே திரும்பச் செய்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். வெளியிடும் முன் பல துறையினர் அடங்கிய குழு பரிசீலிக்கும். இதை ஒருங்கிணைக்க முழுநேர ஆட்கள் இருக்கிறார்கள். பல நிறுவனங்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பராமரிப்பை யாரோ ஒருவரின் ஓய்வு நேரத்து வேலையாகத் தள்ளிவிடுகிறார்கள். கேட்ட மாற்றம் மாதக்கணக்கில் காத்திருக்கும். ரிலீஸ் அவசரத்தில் இருக்கும் டீம் சொந்தமாக ஒரு பட்டன் செய்துகொள்ளும். பக்கத்து டீம் அதைக் காப்பி எடுக்கும்.