மூளைப் பட அறிக்கைக்கு ஓர் ஒழுங்கு தேவை

திருப்பதி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது சத்தியவேடு. 2022-ஆம் ஆண்டு வரை இது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இவ்வட்டார மக்கள் மேல்சிகிச்சைக்காகத் திருப்பதிக்குச் செல்வதும் உண்டு. ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னைக்குச் செல்வதும் உண்டு. சில நாளில் தீரும் நோய்க்கு இதனால் இடையூறில்லை. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நரம்பு நோய்க்கோ, ஓரிடத்தில் எடுத்த படத்தைப் பின்னர் வேறோரிடத்தில் எடுத்த படத்துடன் ஒப்பிட வேண்டியுள்ளது. அவ்வொப்பீடு கைகூடுவதற்குப் படத்துடன் வரும் அறிக்கை ஒழுங்காக எழுதப்பட்டிருத்தல் இன்றியமையாதது.

நோயும் அதனை அறியும் முறையும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோயில், உடலின் எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைச் சூழ்ந்த மையலின் உறையைத் தாக்குகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், உழைத்துப் பொருளீட்டும் பருவத்தில் இது தொடங்குகிறது.

இதனை உறுதி செய்ய 2001-இல் இயன் மக்டொனால்டு தலைமையிலான வல்லுநர் குழு விதிகளை வகுத்தது. சேதம் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருத்தல், வெவ்வேறு காலங்களில் தோன்றியிருத்தல் ஆகிய இரண்டுமே அவற்றின் அடிப்படை. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மூளை அறைகளின் ஓரம், புறணியும் அதன் அடிப்பகுதியும், மூளைத்தண்டும் சிறுமூளையும், தண்டுவடம் என நான்கு இடங்கள் கணக்கில் கொள்ளப்பட்டன. 2024-ஆம் ஆண்டுத் திருத்தம் பார்வை நரம்பை ஐந்தாவதாகச் சேர்த்தது. காலப் பரவலை எல்லோரிடத்தும் கட்டாயமாக்கவில்லை.

அறிக்கையில் இடம்பெற வேண்டியவை

"மூளையின் இரு பக்கங்களிலும் சில வெண்திட்டுகள் உள்ளன" என்று மட்டும் ஓர் அறிக்கை கூறுமாயின், மேற்கண்ட விதிகளுள் எதனையும் அதைக் கொண்டு சோதிக்க இயலாது. உயர் இரத்த அழுத்தத்தாலும் முதுமையாலும்கூட இத்தகைய திட்டுகள் தோன்றும். ஆகவே, வரையறுத்த அமைப்புடைய அறிக்கை பின்வரும் தலைப்புகளின்கீழ் விடை தருகிறது:

1. எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப்புல வலிமை, எடுக்கப்பட்ட பட வகைகள், காடோலினியம் செலுத்தப்பட்டதா என்பது.
2. ஒப்பிடப்பட்ட முந்தைய படத்தின் தேதி.
3. ஒவ்வோர் இடத்திலும் உள்ள திட்டுகளின் எண்ணிக்கையும் அளவும். அவை மூளை அறையின் சுவரைத் தொடுகின்றனவா என்பது.
4. காடோலினியத்தால் ஒளிரும் திட்டுகள். இவை அண்மைக்கால அழற்சியைக் காட்டுபவை.
5. புதிதாகத் தோன்றியவை, பெரிதானவை.
6. மூளைச் சுருக்கம் உண்டா என்பது.
7. முடிவுரை.

இவற்றுள் ஐந்தாவது தலைப்பே சிகிச்சையை மிகுதியும் பாதிக்கிறது. மருந்து உட்கொள்ளும்போதே புதிய திட்டுகள் தோன்றினால், மருந்தை மாற்றுவது குறித்து நரம்பியல் மருத்துவர் சிந்திக்க வேண்டியுள்ளது. முந்தைய அறிக்கையில் எண்ணிக்கையும் இல்லை, பழைய படமும் கைவசம் இல்லையெனில், எது புதியது என்று எவ்வாறு கூறுவது? முதற்படத்திற்குச் செய்த செலவின் பயனில் பெரும்பகுதி அங்கே வீணாகிறது.

அமைப்பின் எல்லை

படிவம் மருத்துவரின் சிந்தனைக்கு மாற்றாகாது. நம் நாட்டில் காசநோய்க் கட்டி, மூளையில் தங்கும் நாடாப்புழுக் கூடு போன்றவற்றையும் நினைவில் கொள்ள வேண்டும். கட்டங்களை நிரப்பும் அவசரத்தில் இவை கவனத்திலிருந்து தப்பக்கூடாது. எனவே மருத்துவர் தம் கருத்தைத் தடையின்றி எழுதவும் படிவத்தில் இடம் வேண்டும்.

நிர்வாகத்தின் பங்கு

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளுள் இந்நோயும் ஒன்று. 2021-இல் நாடெங்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம், நோயாளியின் ஒப்புதலுடன் மருத்துவ ஆவணங்கள் மாநில எல்லை கடந்து செல்ல வழிவகுக்கிறது. ஆயினும் ஆவணம் சென்று சேர்வது வேறு, பயன்படுவது வேறு. திருப்பதியில் எழுதிய அறிக்கையைச் சென்னை மருத்துவர் வரிக்கு வரி ஒப்பிட முடிந்தால்தான் சத்தியவேட்டு நோயாளிக்கு அதனால் பலன் உண்டு. அரசு மருத்துவமனைகள் ஒரு பொதுப் படிவத்தை ஏற்பதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. துறையினரின் உடன்பாடும் பயிற்சியும் போதும்.