பாட்டை எழுதினது யாரு?
(மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்)



நம்ம ஊரில் கல்யாணம், காதுகுத்து என்றால் விடியற்காலையிலேயே குழாய் ஸ்பீக்கரில் பழைய பாட்டு போடுவார்கள். கேட்டவுடனே பெரியவர்கள், "இது எம்.ஜி.ஆர். பாட்டு" என்பார்கள். இன்னும் சிலர், "டி.எம்.எஸ். பாட்டு" என்பார்கள். நடித்தவர் பேர் தெரியுது, பாடினவர் பேர் தெரியுது. எழுதினது யாருன்னு கேட்டால் பாதிப்பேர் யோசிப்பார்கள். அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பிறப்பும் உழைப்பும்

கல்யாணசுந்தரம் 1930 ஏப்ரல் 13 அன்று பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் செங்கப்படுத்தான்காடு என்னும் கிராமத்தில் பிறந்தார். அப்பா பெயர் அருணாசலனார். நம்ம மலையோட பேரு! அம்மா விசாலாட்சி. விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்க முடியவில்லை. மாடு மேய்த்தார், மாம்பழம் விற்றார், மீன் பிடித்தார், உப்பளத்தில் வேலை செய்தார், நாடகத்தில் நடித்தார். 17 தொழில் செய்தவர் என்று அவரைச் சொல்வார்கள். பிறகு புதுச்சேரி போய்ப் பாவேந்தர் பாரதிதாசனிடம் மாணவராக இருந்தார். அதன்பின் சினிமாவுக்குப் பாட்டு எழுதினார்.

இசைத்தட்டுதான் அவர் புத்தகம்

அந்தக் காலத்தில் பாட்டை அரக்கில் செய்த கறுப்புத் தட்டில் பதிவு செய்வார்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிஷப் பாட்டுதான் பிடிக்கும். பல சமயம் மெட்டு முன்னாலேயே இருக்கும். அந்த மெட்டுக்குள்ளே, அந்த 3 நிமிஷத்துக்குள்ளே கவிஞர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கணும்.

இன்னொன்றும் இருக்கு. புத்தகம் புரியவில்லை என்றால் பக்கத்தைத் திருப்பி மறுபடி படிக்கலாம். டீக்கடை ரேடியோவில் ஓடுகிற பாட்டைத் திருப்ப முடியுமா? காதில் விழுந்தவுடனே புரியணும். அதனால்தான் அவர் வயலிலும் கடைத்தெருவிலும் பேசுகிற வார்த்தையை எடுத்துக்கொண்டார். தம்பியைக் கூப்பிட்டுச் சொல்வது போல, சின்னப் பையனை நிறுத்திப் புத்தி சொல்வது போல எழுதினார்.

சில படங்கள்

"நாடோடி மன்னன்" (1958) படத்தில் ஒரு பாட்டு. வயலில் பாடுபடும் பெண், விளைந்ததெல்லாம் எங்கே போகிறது, உழைத்த நமக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறாள். அவன் நல்ல காலம் வரும் என்று பதில் சொல்கிறான். கேள்வியும் பதிலுமாகவே பாட்டு போகிறது. அதே படத்தில் சுரதா முதலிய வேறு கவிஞர்களும் எழுதியிருக்கிறார்கள். அதனால் படத்தின் பேரை மட்டும் வைத்து எழுதினவரைக் கண்டுபிடிக்க முடியாது.

"கல்யாணப் பரிசு" (1959) காதல் படம். ஸ்ரீதர் இயக்கினார், ஏ.எம்.ராஜா இசையமைத்தார். அதில் பாட்டெல்லாம் கல்யாணசுந்தரம் எழுதியது. உழைப்பாளி பாட்டுதான் அவருக்கு வரும் என்று நினைப்பவர்கள் இந்தப் பாடல்களைக் கேட்க வேண்டும்.

அதே 1959 அக்டோபர் 8 அன்று அவர் காலமானார். வயது 29தான். "அரசிளங்குமரி", "திருடாதே" இரண்டும் 1961இல் வந்தன. திருட்டை ஒழிக்கச் சட்டம் மட்டும் போதாது, தப்பு செய்கிறவன் மனசு மாறணும் என்று அவர் எழுதிய பாட்டு தியேட்டரில் ஒலித்தபோது கேட்க அவர் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கள்கூட இந்தப் பாட்டுகளை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். படிக்காதவர்களுக்கும் கவிதை போய்ச் சேர்ந்தது பதிவு செய்ததால்தான். ஆனால் அதே பதிவில் எழுதினவர் குரல் இல்லை. பாடினவர் குரல்தான் கேட்கிறது. பாடப் புத்தகத்தில் செய்யுளுக்கு ஆசிரியர் பெயர் போடுகிறோம். ஒலிபெருக்கியில் வரும் பாட்டுக்கு யார் போடுவது?

தமிழக அரசு 1993இல் அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. இனி அவர் பாடல் வரிகளை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். வார்த்தை எல்லோருக்கும் சொந்தமாச்சு. அதை எழுதினவர் பேரு மட்டும் மறைந்து போகலாமா?

ஆகவே ஒரு வேண்டுகோள். இலக்கிய மன்றத்திலும் ஆண்டு விழாவிலும் சினிமாப் பாட்டு பாடும்போது படம், பாடியவர் பெயரோடு எழுதியவர் பெயரையும் மைக்கில் சொல்லுங்கள். ஒரு வரிதான், அரை நிமிஷம்கூட ஆகாது.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடித்த 5 பழைய பாட்டுகளைக் கேட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றையும் எழுதினவர் யார் என்று தமிழ் ஆசிரியரிடம் கேட்டோ நூலகத்தில் தேடியோ கண்டுபிடியுங்கள். அந்தப் பட்டியலை அடுத்த சுவர் இதழில் போடலாம்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி