பிக்கப்பின் ஏர் இன்டேக்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

ராஜகீழ்ப்பாக்கத்தில் பிக்கப் வைத்திருப்பவர் அதன் ஏர் இன்டேக்கை மாற்ற நினைக்க இரண்டு நியாயமான காரணங்கள் உண்டு: தண்ணீர், தூசு. ஆனால் கடைகளில் கிட் விற்பது மூன்றாவது ஒன்றைச் சொல்லி. இழுவை கூடும், சத்தம் கெத்தாக இருக்கும் என்பார்கள். அந்த மூன்றாவதை முதலிலேயே தள்ளிவைத்துவிட்டால் செலவில் பாதி மிச்சம்.

தண்ணீர் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது அப்போதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை அடுக்குமாடி வளாகத்திலிருந்து கார்கள் மிதந்து போன வீடியோவைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். அந்தப் பயத்தில்தான் 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று அடுத்தடுத்து ஏரிகள் இருக்கும் வழி இது. பெருமழை நாளில் வேளச்சேரி ரோட்டில் வண்டி ஓட்டுவதே பாதி ஆஃப்-ரோடு.

தூசு அப்படிக் கண்ணில் அறையாது. எருமையூர், நல்லம்பாக்கம் பக்கம் ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் போய்வருகிற பிக்கப்பின் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். கல்மாவு மடிப்புக்கு மடிப்பு அப்பியிருக்கும். மழை வருஷத்தில் சில நாள், தூசு மீதி நாளெல்லாம்.

எந்த அளவு காற்றைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஒரு கணக்கு. இசுசு வி-கிராஸின் 1.9 லிட்டர் டீசல் இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது, டர்போ தள்ளுவதைச் சேர்க்காமலேயே, நிமிடத்துக்குச் சுமார் 2,850 லிட்டர் காற்றை இழுக்கிறது. டர்போவையும் சேர்த்தால் அதைவிட மிக அதிகம். இவ்வளவும் ஒரே குழாய் வழியாக, ஒரே ஃபில்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். வழியில் ஊசி நுழையும் இடைவெளி இருந்தாலும் தூசுக்கு அது ராஜபாட்டை.

இனி கடையில் கிடைக்கிறவற்றைப் பார்ப்போம். பானட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கூம்பு ஃபில்டரை ‘கோல்ட் ஏர் இன்டேக்’ என்ற பெயரில் மாட்டிவிடுகிறார்கள். பெயரில் மட்டும்தான் குளிர்ச்சி. பெரும்பாலான பிக்கப்புகளில் கம்பெனியே வெளிக்காற்றை ஹெட்லைட்டுக்குப் பின்னாலிருந்தோ ஃபெண்டருக்குள்ளிருந்தோ எடுக்கும்படிதான் அமைத்திருக்கிறது. அந்த மூடிய பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, ரேடியேட்டரும் டர்போவும் காய்ந்துகொண்டிருக்கும் இடத்தில் ஃபில்டரை வைத்தால், மே மாத வெயிலில் இன்ஜின் மூச்சுவிடுவது அடுப்படிக் காற்றை. போதாததற்கு டீசல் இன்ஜினின் சுபாவமே வேறு. எரிப்பதற்குத் தேவையானதைவிட அதிகக் காற்று அதற்குள் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. சக்தியைத் தீர்மானிப்பது எவ்வளவு டீசல் பாய்கிறது என்பது, அதைப் பார்த்துக்கொள்வது கம்ப்யூட்டர். வெறும் காற்றைக் கூட்டினால் கூடுவது டர்போவின் விசில் சத்தம்தான். சத்தத்துக்காகப் போடுகிறேன் என்பவரோடு எனக்குச் சண்டையில்லை. தண்ணீரில் இறங்காமல் இருந்தால் சரி.

அடுத்தது, கம்பெனி பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு பேப்பர் ஃபில்டருக்குப் பதில் எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் போடுவது. கழுவித் திரும்பப் போடலாம் என்பது இதன் கவர்ச்சி. கழுவிய பிறகு எண்ணெயை எவ்வளவு தடவுவது என்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். குறைந்தால் நுண்தூசு உள்ளே போகும். அதிகமானால் ஃபில்டருக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்து உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரின் சூட்டுக் கம்பியில் எண்ணெய்ப் படலம் படியும். சென்சார் தப்பாக அளக்க, செக் இன்ஜின் விளக்கு எரியும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகள் இந்த விஷயத்தில் இன்னும் கறார். கிரஷர் ரோட்டில் ஓடும் வண்டிக்கு நல்ல பேப்பர் ஃபில்டர் போட்டு, மேனுவலில் சொன்ன கெடுவுக்கு முன்பாகவே மாற்றிவிடுவதே மேல். பட்டறையில் “ஏர் அடிச்சுப் போட்டுடலாம் அண்ணே” என்பார்கள். கம்ப்ரஸர் வேகத்தில் ஊதினால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். ஒரு ஃபில்டரின் விலைக்கு டர்போவைப் பணயம் வைப்பானேன்?

இன்னொரு செலவில்லாத வேலை. ஃபில்டரைக் கழற்றியதும் அதற்கு அப்புறம் உள்ள குழாயின் உட்சுவரை, அதாவது சுத்தமான காற்று மட்டுமே போக வேண்டிய பக்கத்தை, வெள்ளைத் துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். துணியில் மாவு மாதிரி எதுவும் ஒட்டினால் பெட்டியின் ரப்பர் உதடு சரியாக உட்காரவில்லை, அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கிறது, அல்லது ஹோஸில் விரிசல். எந்தக் கிட்டும் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான். சொற்பச் செலவில் முழுப் பலன் தரும் ரிப்பேர் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும்.

இப்போது ஸ்நார்க்கல். ஃபெண்டரிலிருந்து கிளம்பி ஏ-பில்லரை ஒட்டிக் கூரை உயரத்துக்கு ஏறும் குழாய். ஆஸ்திரேலியாக்காரர்கள் இதை மாட்டிக்கொள்வது ஆற்றைக் கடக்க மட்டுமல்ல, செம்மண் ரோட்டில் முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதிக்கு மேலே மூச்சுவிடவும்தான். நமக்கும் அந்தப் பலன் பொருந்தும். தண்ணீர் விஷயத்தில்தான் கொஞ்சம் நிதானம் தேவை. ஃபோர்ஸ் கூர்க்காவுக்குக் கம்பெனியே ஸ்நார்க்கல் வைத்துத் தருகிறது. அதற்குச் சொல்லப்படும் தண்ணீர் ஆழம் 700 மி.மீ. டொயோட்டா ஹைலக்ஸ் ஸ்நார்க்கல் இல்லாமல் வருகிறது. அதற்கும் 700 மி.மீ.தான். ஏன்? ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், வயரிங் கனெக்டர்கள், கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் மூச்சுவிடும் ப்ரீதர் குழாய்கள் எல்லாம் கீழேதான் இருக்கின்றன. மூக்கை மட்டும் கூரைக்கு ஏற்றிவிட்டால் மற்றவை நீச்சல் கற்றுக்கொள்ளாது. சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, ப்ரீதர் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வரும்போதுதான் தெரியும். ஆகவே ஸ்நார்க்கலுக்குப் பணம் ஒதுக்குகிறவர் ப்ரீதர் குழாய்களை ஹோஸ் போட்டு மேலே கொண்டுவரவும் சேர்த்து ஒதுக்க வேண்டும். அது கைக்காசில் முடிகிற வேலை.

ரெடிமேட் கிட்டா, வீட்டிலேயே பி.வி.சி. குழாயில் செய்வதா? ஹார்டுவேர் கடையில் 75, 90, 110 மி.மீ. குழாய் சுலபமாகக் கிடைப்பதால் இந்த ஆசை வருவது இயற்கை. பழைய பொலேரோ கேம்பர் போன்ற வண்டிக்கு, தற்காலிகமாக, செய்து பார்க்கலாம் என்றே சொல்வேன். மூன்று விஷயத்தில் ஏமாறக்கூடாது. குழாயின் உள்விட்டம் கம்பெனி இன்டேக் வாயைவிடக் குறையக்கூடாது. செங்குத்தாகத் திரும்பும் எல்போக்களைக் குறைத்து வளைவான பெண்டுகளைப் போட வேண்டும், ஒவ்வொரு முரட்டுத் திருப்பமும் காற்றைத் தடுக்கும். பானட்டுக்குள் வரும் பகுதி பி.வி.சி.யாக இருக்கவே கூடாது. இன்ஜின் சூட்டில் இளகும், அதிர்வில் சால்வென்ட் ஒட்டிய மூட்டு விட்டுக்கொள்ளும். அந்த இடத்துக்கு சிலிக்கான் ஹோஸும் டி-போல்ட் கிளாம்பும் வேண்டும். புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ தேடினால் அளவுக்குக் கிடைக்கும். வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்ற புது வண்டிக்காரர்கள் அந்த மாடலுக்கென்றே வார்த்த கிட்டை வாங்குங்கள். ஃபெண்டரின் வளைவுக்குச் சரியாக உட்காரும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், ஏர் பாக்ஸோடு சேரும் மூட்டு அதில் ஒழுங்காக வருகிறது.

மாட்டும்போது, ஃபெண்டரைத் துளைக்கும் முன் உள்பக்க லைனரைக் கழற்றிப் பின்னால் வயரிங் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அட்டை டெம்ப்ளேட்டை ஒட்டி, மையத்தைக் குறித்து, சின்ன துரப்பணத்திலிருந்து பெரிய ஹோல் சாவுக்குப் போங்கள். வெட்டிய விளிம்பில் ஜிங்க் ப்ரைமர் அடிக்காமல் விட்டால், அடிக்கடி ஈ.சி.ஆர். போய்வரும் வண்டியில் துரு வெகு சீக்கிரம் பெயிண்டுக்கு அடியில் ஊர்ந்துவிடும்.

ஏர் பாக்ஸின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ரப்பர் வால்வு உண்டு, வாத்து மூக்கு மாதிரி. மேலே ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு இதைக் கவனிக்காதவர்கள் ஏராளம். ரப்பர் கிழிந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாக ஏறும், ஸ்நார்க்கல் சும்மா அலங்காரம். எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை: வண்டியை ஐடிலில் விட்டு, ஸ்நார்க்கல் வாயை ரப்பர் ஷீட் ஒட்டிய பலகையால் சில விநாடி மூடுங்கள். கையால் வேண்டாம். இன்ஜின் திணறி அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வேறு எங்கிருந்தோ காற்று கிடைக்கிறது என்று அர்த்தம். காற்று நுழையும் வழியில் தண்ணீரும் நுழையும்.

கிரஷருக்கும் கட்டுமான இடத்துக்கும் தினசரி ஓடும் வண்டிக்கு என் ஓட்டு ஸ்நார்க்கலின் தலையில் மாட்டும் சைக்ளோன் ப்ரீ-கிளீனருக்கு. டிராக்டர் இன்ஜினுக்கு மேலே நிற்கும் கிண்ணத்தைப் பார்த்திருப்பீர்கள், அதே வகை. காற்றைச் சுழலவிட்டு, கனமான தூசைச் சுவரோரம் ஒதுக்கித் தனியே பிரித்துவிடும். ஃபில்டரின் ஆயுள் நீளும். நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும் வண்டிக்கு இது கொஞ்சம் தடைதான், இன்ஜின் இழுக்கும் காற்றுக்கு ஏற்ற அளவில் வாங்கவில்லை என்றால் மைலேஜில் தெரியும்.

சட்டத்தையும் ஒரு பார்வை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. ஃபில்டர் மாற்றுவதை யாரும் கேட்கப்போவதில்லை. ஃபெண்டரை வெட்டும் வேலைக்கு முன்னால் தாம்பரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்பதும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பதும் நல்லது. சொல்லாமல் செய்த மாற்றம் க்ளெய்ம் நேரத்தில்தான் பேச ஆரம்பிக்கும். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் ஷோரூமிலும் கேளுங்கள்.

பாலிசியைப் புரட்டும்போது இன்ஜின் புரொடெக்‌ஷன் என்ற கூடுதல் கவர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சாதாரண காம்ப்ரிஹென்ஸிவ் பாலிசியில், தண்ணீரில் நின்றுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்து கெடுத்த இன்ஜினுக்குப் பணம் வாங்குவது கஷ்டம். தண்ணீர் அழுத்தினால் சுருங்காது. சிலிண்டருக்குள் கொஞ்சம் புகுந்தாலே பிஸ்டன் மேலே வர வழியில்லாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்நார்க்கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீரில் நடக்கும் வேகத்தில், ஒரே சீராகப் போங்கள். வேகம் கூடினால் முன்னால் எழும் அலை பானட்டின் மேல் ஏறும். நடுவில் அணைந்துவிட்டால் சாவியைத் தொடாமல் இறங்கி, தள்ளியோ கட்டி இழுத்தோ மேட்டுக்குக் கொண்டுபோய் ஏர் பாக்ஸைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் இன்ஜெக்டரையோ க்ளோ பிளக்கையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றும்வரை மெக்கானிக் உட்பட யாரும் செல்ஃப் அடிக்கக்கூடாது.