ஹார்டனிங் பழக வந்த பிள்ளைகளுக்கு

1. எம்2 ஹைஸ்பீடு ஸ்டீலில் தொடங்குங்கள். அதில் கார்பன் சுமார் 0.85 சதவீதம், டங்ஸ்டன் 6, மாலிப்டினம் 5, குரோமியம் 4, வனேடியம் 2. அனீல் செய்து வரும் கம்பியில் கார்பன் பெரும்பாலும் கார்பைடாகக் கட்டுண்டு கிடக்கும். அதை அவிழ்த்தால்தான் மேற்கொண்டு வேலை.

2. அவிழ்க்க 1200 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும் என்றதும் பயந்து ஹீட்டைக் குறைக்காதீர்கள். 1000 டிகிரியைச் சுற்றிக் கரைவது முக்கியமாகக் குரோமியம் கார்பைடுதான். டங்ஸ்டனும் மாலிப்டினமும் கரைய இன்னும் மேலே போக வேண்டும். அமெரிக்காவின் பெத்லஹேம் ஆலையில் டெய்லரும் ஒயிட்டும் உருகுநிலையை நெருங்கும்வரை சூடேற்றிப் பார்த்தார்கள். 1900 பாரிஸ் கண்காட்சியில் அவர்களுடைய டூல், முனை சிவந்த பிறகும் எஃகைச் சீவிக்கொண்டிருந்தது. 850-ல் முன்சூடு கொடுங்கள். உச்சியில் சில நிமிடம் போதும். மிஞ்சினால் கிரெய்ன் ஓரங்கள் உருகத் தொடங்கிவிடும்.

3. கரையாமல் மிஞ்சும் கார்பைடுகள் இருக்கட்டும். கிரெய்ன் பருக்காமல் தடுப்பதும் தேய்மானத்தைத் தாங்குவதும் அவைதான்.

4. ஃபர்னஸிலிருந்து எடுத்த டூலைக் கையில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள். 1000-லிருந்து 700 வரை மெதுவாக இறங்கினால், கரைந்த கார்பன் கிரெய்ன் ஓரங்களில் மறுபடி கார்பைடாகப் படியும். கடினம் அளக்கும் ராக்வெல் மெஷின் அதைக் காட்டாமல் போகலாம். ஆனால் வெட்டும் வேலைக்கு ஏற்றியதும் முனை உதிரும். நேராக 550 டிகிரி சால்ட் பாத்தில் இறக்கி, பிறகு காற்றில் ஆறவிடுங்கள். இதுதான் குவென்ச்.

5. குவென்ச் முடிந்ததுமே ராக்வெல் 64 வந்துவிட்டது என்று டூலைக் கட்டி அனுப்புகிறவர்கள் உண்டு. எனக்கு அது பொறுக்காது. உச்சிச் சூட்டில் உண்டான ஆஸ்டினைட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உள்ளே மாறாமல் நிற்கிறது. மற்றது மாறி உண்டான கடினமான மார்ட்டென்சைட்டோ நொறுங்கக் காத்திருக்கிறது. அதனால்தான் மறுபடி சூடேற்றும் டெம்பரிங். அதில் 300, 400 டிகிரியில் பிறப்பது வெறும் இரும்புக் கார்பைடு, கடினம் இறங்கும். 500 தாண்டியதும்தான் மாலிப்டினம், டங்ஸ்டன், வனேடியம் அணுக்கள் நகரத் தொடங்கும். இரும்புக் கார்பைடு கரைந்து அந்தக் கார்பன் இவற்றோடு சேரும். சில நானோமீட்டர் அளவே உள்ள இந்தப் புதுக் கார்பைடுகளால் 550-ஐ ஒட்டிக் கடினம் திரும்ப ஏறுகிறது. இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். 600-க்கு மேல் விட்டால் அவை பருத்து, ஏறியது இறங்கிவிடும்.

6. ஒரு டெம்பரிங் போதாது. சூட்டில் ஆஸ்டினைட்டிலும் கார்பைடு பிரிகிறது. கார்பன் குறைந்த அந்த ஆஸ்டினைட், ஆறும்போது புது மார்ட்டென்சைட் ஆகிறது. அதற்கும் டெம்பரிங் வேண்டும். இரண்டு கட்டாயம், மூன்று நல்லது. ஒவ்வொன்றுக்கும் நடுவே, வெறுங்கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு டூல் ஆறியிருக்க வேண்டும்.