சாலைப் பணமும் நிலத்தின் எல்லையும்

கேள்வி: சாலைக்கான மாநில நிதியைக் கொண்டே நகரம் கட்டுக்கடங்காமல் பரவுவதைத் தடுக்க இயலுமா?

பதில்: ஓரளவுக்கே இயலும் என்பதற்கு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் சான்று. ஆளுநர் பாரிஸ் கிளெண்டனிங் காலத்தில், 1997இல் அங்கு இயற்றப்பட்ட சட்டம், சாலை, கழிவுநீர்க் குழாய் போன்றவற்றுக்கு மாநிலப் பணம் செல்லத்தக்க இடங்களை 'முன்னுரிமை நிதிப் பகுதிகள்' என வரையறுத்தது. பால்டிமோர், வாஷிங்டன் சுற்றுச்சாலைகளுக்கு உட்பட்ட பகுதிகளும் நகராட்சிகளும் தாமாகவே அவ்வெல்லைக்குள் வந்தன. பிற இடங்களைக் கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகங்கள் குறிக்கலாம் என்றாலும், புதிய குடியிருப்புகள் ஏக்கருக்குச் சராசரி 3.5 வீடுகளையேனும் கொள்ள வேண்டும்.

எல்லைக்கு வெளியே கட்டுவதைச் சட்டம் தடை செய்யவில்லை, அதற்குப் பணம் தர மட்டுமே மறுத்தது. அதன் நயமும் நலிவும் இதுவே. எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என வகுக்கும் அதிகாரம் கவுண்டிகளிடமே நீடித்ததால், சொந்தக் கிணறும் செப்டிக் டேங்கும் வைத்துப் பழைய சாலையோரம் வீடு எழுப்புவோருக்கு மாநிலத்தின் தயவு தேவைப்படவில்லை. செப்டிக் டேங்கை நம்பிய பெரிய மனைப்பிரிவுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2012இல்தான் வந்தது.

அரசியலும் குறுக்கிட்டது. கிளெண்டனிங் 1999இல் கைவிட்ட இன்டர்கவுண்டி கனெக்டர் நெடுஞ்சாலைக்கு அடுத்த ஆளுநர் ராபர்ட் எர்லிக் உயிரூட்ட, அதன் முதற்பகுதி 2011இல் சுங்கச்சாலையாகத் திறக்கப்பட்டது.