நோய் தோலில், சோதனை ரத்தத்தில்

அன்புள்ள கயல்,

"தோலில் வந்த புற்றுநோய்க்கு ஏன் மாமா ரத்தத்தைப் போய் ஆராய்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். பிளஸ் டூ உயிரியலில் மரபணுவை ஒரு பாடமாகவும் வெள்ளை அணுவை இன்னொரு பாடமாகவும் படித்திருப்பாய். உன் கேள்விக்குப் பதில் அவை இரண்டும் சேருமிடத்தில் இருக்கிறது.

தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகினால் அது மெலனோமா. தோல் புற்றுநோய்களில் இது குறைவாகவே வருகிறது. ஆனால் நுரையீரல், கல்லீரல், மூளை என்று பரவி உயிரைப் பறிப்பதில் மற்றவற்றை மிஞ்சிவிடும். இதை எதிர்க்க வேண்டிய டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள் ரத்தத்தோடு உடல் முழுக்கச் சுற்றிவருகின்றன. ஆகவே கட்டியில் கத்தி வைக்காமல், கையில் ஊசி போட்டுக் கொஞ்சம் ரத்தம் எடுத்தாலே அவற்றின் நிலையை விசாரித்துவிடலாம்.

எப்படி விசாரிப்பது? உன் தோல் செல்லிலும் டி செல்லிலும் இருப்பது ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுதிதான். புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் சுமார் 20,000. அவற்றில் எதிலிருந்து எவ்வளவு தூது ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது என்பது செல்லுக்குச் செல் மாறும். அந்த அளவைத்தான் மரபணுச் செயல்பாடு என்கிறோம். செயல்பாடு குறைந்தது என்றால் மரபணு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

ஆய்வுக்கூடத்தில் ரத்தத்தை ஃபைகால் என்ற அடர்த்தியான திரவத்தின்மேல் கலங்காமல் மெல்ல ஊற்றி, சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சுற்றுவார்கள். வெளியே எடுத்தால் குழாயில் அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கும். மேலே வெளிர்மஞ்சளாகப் பிளாஸ்மா, அடியில் சிவப்பணுக்கள். பிளாஸ்மாவுக்குச் சற்றுக் கீழே, மெல்லிய வெண்ணிற வளையம் ஒன்று தெரியும். டி செல், பி செல், என்.கே. செல், மோனோசைட் எல்லாம் அந்த வளையத்தில்தான். அதைப் பிப்பெட்டால் உறிஞ்சி எடுத்து ஆர்.என்.ஏ.வைப் பிரிப்பார்கள். விரலில் இருக்கும் நொதி பட்டாலே ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும் என்பதால் கையுறை இல்லாமல் யாரும் குழாயைத் தொடமாட்டார்கள். ரத்தம் பல மணி நேரம் சும்மா கிடந்தாலும் ஆபத்து. குழாய்க்குள்ளேயே செல்கள் தங்கள் மரபணுச் செயல்பாட்டை மாற்றிக்கொண்டுவிடும். பிறகு, தாமதத்தால் வந்த மாற்றத்தை நோயால் வந்தது என்று எழுதிவிடுவோம்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் குறைந்தால், எல்லோரும் மோசமாக எழுதினார்களா, நன்றாகப் படிக்கிறவர்கள் சிலர் தேர்வுக்கே வரவில்லையா என்று சராசரி சொல்லாது. அதுபோல, எல்லா வெள்ளை அணுக்களையும் ஒன்றாக அளந்து ஒரு மரபணுவின் செயல்பாடு குறைந்திருக்கக் கண்டால், செல்கள் அடங்கிப்போயினவா, அந்த வகைச் செல்களே எண்ணிக்கையில் குறைந்துவிட்டனவா என்று தெரியாது. அதனால்தான் கவனமான ஆய்வாளர்கள் செல்களை முதலில் வகைவாரியாகப் பிரித்துவிட்டு அளக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு அப்படிச் செய்ததுதான். மெலனோமா பரவியவர்களின் ரத்தச் செல்களை நோயற்றவர்களின் செல்களோடு ஒப்பிட்டார்கள். வேறுபட்டிருந்த மரபணுக்களில் பெரும்பாலானவை இன்டர்ஃபெரானால் தூண்டப்படுபவை. அவை நோயாளிகளிடம் மந்தமாக இருந்தன. இன்டர்ஃபெரான் என்பது வைரஸ் தாக்கும்போது செல்கள் வெளிவிடும் எச்சரிக்கைப் புரதம். 1957இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் இருவரும் கண்டறிந்தது. ஆய்வாளர்கள் அளவெடுத்ததோடு நிற்கவில்லை. நோயாளிகளின் டி செல்களுக்கு வெளியிலிருந்து இன்டர்ஃபெரான் கொடுத்தும் பார்த்தார்கள். அப்போதும் அவை போதிய அளவு விழித்துக்கொள்ளவில்லை. நீண்ட நேரம் கொடுத்தபோது ஓரளவு தேறின. ஆக, செல்கள் இருக்கின்றன. எச்சரிக்கை காதில் விழுவதில்தான் கோளாறு. 2009இல் மார்பகப் புற்றுநோய், இரைப்பை குடல் புற்றுநோய் நோயாளிகளிடமும் இதே குறையைக் கண்டார்கள்.

ஆனால் கட்டி வந்ததால் செல்கள் மந்தமாயினவா, செல்கள் மந்தமானதால் கட்டி வளர்ந்ததா என்பதை ஒருமுறை எடுத்த ரத்தம் சொல்லாது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரே ஆளிடம் எடுத்துப் பார்த்தால்தான் கொஞ்சம் துலங்கும். டி செல்களின் தடையை விலக்கும் மருந்துகளுக்கு வழிகாட்டியதற்காக ஆலிசனும் ஹோஞ்சோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள் அல்லவா? அத்தகைய மருந்தான பெம்ப்ரோலிசுமாப் பெற்ற மெலனோமா நோயாளிகளின் ரத்தத்தைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் தொடர்ந்து எடுத்துப் பார்த்து 2017இல் எழுதினார்கள். சோர்ந்து கிடந்த டி செல்கள் மூன்று வாரங்களுக்குள்ளாகவே மீண்டும் பெருகத் தொடங்கியது ரத்தத்திலேயே தெரிந்தது. அந்த எழுச்சி, கட்டியின் அளவுக்கு ஈடுகொடுக்கிறதா என்பதைப் பொறுத்தே பலன் இருந்தது.

இனி "புற்றுநோயைக் காட்டும் மரபணு" என்று எங்காவது படித்தால் நாலு கேள்வி கேள். எந்தச் செல்லில் அளந்தார்கள்? எத்தனை பேரிடம்? சிகிச்சைக்கு முன்பா, பின்பா? வேறொரு குழுவினருக்கும் அதே முடிவு வந்ததா? பதில் இல்லாத செய்தியை நம்ப அவசரப்படாதே.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நான் சொன்ன ரத்த அளவீடுகள் ஆராய்ச்சிக்கானவை. மெலனோமாவைக் கண்டுபிடிப்பது இன்றைக்கும் கண்ணும் பயாப்ஸியும்தான். நம்மவர்களுக்கு இது அரிது. வந்தால் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவதுண்டு. காலில் முள் குத்திய தழும்பு என்றோ பழைய மச்சம் என்றோ விட்டுவிடுகிறார்கள். பாட்டியின் உள்ளங்காலில் கரும்புள்ளி ஏதாவது நிறமோ வடிவமோ மாறிப் பெரிதானால், தைலம் தடவிக்கொண்டிருக்க விடாமல் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போ.

அன்புடன்,
உன் மாமா